டைப் அடிக்காத பத்தாம் வரி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நல்ல இடத்தில் பிறந்ததாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று நாள் முயன்று பார்த்தேன். எழுத்தாளர்கள் சொல்வார்களே, ரயிலில் ஒரு முகத்தைப் பார்த்தேன், மனதை என்னவோ செய்தது, எழுதினேன் என்று. நானும் தினம் திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில்தான் வேலை பார்க்கிறேன். ஆயிரம் முகம் போகிறது, வருகிறது. எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் ஓரகத்தி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதுதான் செய்தது.

ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. பெயர் லட்சுமியம்மாள். நான் குணசுந்தரி. ஸ்டேஷனுக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். ஊராருக்கு மனு, விண்ணப்பம், இங்கிலீஷ் கடிதம் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பதும் நான்தான். அந்தக் காருக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் அடித்தேன். பத்து வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது வரி அடித்தேன். கதை இவ்வளவுதான். அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது 1978, கார்த்திகை மாதம். வருகிற தையில் லட்சுமியக்காவின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. எங்களுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்து அச்சாபீசில் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். தாய்மாமன் பெயர் இருந்தது, அத்தை பெயர் இருந்தது, ஒன்றுவிட்ட பெரியப்பா பெயர்கூட இருந்தது. சொந்தச் சித்தப்பா தணிகாசலத்தின் பெயர் இல்லை. அவர்தான் என் கணவர். (வாயால் நான் இதுவரை சொல்லாத பெயர். எழுதும்போதே விரல் கூசுகிறது.) தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்தில் அவர் நிற்பாரா மாட்டாரா என்பது, மூன்று வருஷத்துக்கு முன் நான் அடிக்காத அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

2

தொடங்கிப் பார்த்தவை:

"குமாஸ்தா ராமபத்ரன் வடகலை நாமத்தைச் சரி செய்துகொண்டு, டைப்ரைட்டரின் முன் அமர்ந்தார். எதிர்வீட்டு எம்பாரின் புதுக் கார்—"

[நிறுத்தினேன். என் பொறாமைக்கு ஆண் வேஷம் கட்டி, திருவள்ளூர் சந்நிதித் தெருவில் குடிவைக்கப் பார்த்தேன். ராமபத்ரன் வீட்டில் எப்படிப் பேசுவார், யாரிடம் எரிந்து விழுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு வரியிலேயே அந்த மனுஷர் என்னை முறைக்க ஆரம்பித்துவிட்டார். பாவம், அவரை விட்டுவிட்டேன்.]

"நான் ஒரு அம்பாசிடர் கார். என்னை முதலில் வாங்கியவர் ஒரு பல் டாக்டர்—"

[இது இன்னும் மோசம். காருக்குப் பேச்சு வந்தால் அது லட்சுமியக்காவின் கட்சியில்தான் பேசும்.]

"மழை வரும்போல இருந்த ஒரு—"

[மழை அப்புறம் வரும். உண்மையாகவே வரும்.]

3

திருப்பாச்சூரில் எங்கள் மாமனார் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் கணவரின் அண்ணன், என் மூத்தார் பச்சையப்பன் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். நெல் விளைகிற நிலமும் ஆளுக்குப் பாதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்ப ஆரம்பித்ததும் மூத்தார் கட்டடங்களுக்குச் செங்கல், மணல் சப்ளை எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி. 1973-ல் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். தம்பி ஓட்டினார், அண்ணன் பின்னால் உட்கார்ந்தார்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துகிற 'டப்' சத்தம் கேட்டால் எனக்குக் காய்ச்சல் வருவதுபோல் இருக்கும். நான் எட்டரை ரயிலைப் பிடிக்கிற பெண்களுக்கு ஏ-எஸ்-டி-எஃப் என்று டைப் சொல்லிக்கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். அக்கா காரில் கடந்து போவாள். போகும்போது கையாட்டுவாள். ஆட்டாமல் போனால்தான் என்ன?

அந்தச் சமயத்தில் பெட்ரோல் விலை ஏறியது. ஏறியது என்றால், மூத்தார் தலையில் கைவைத்துக்கொள்கிற அளவுக்கு. புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் சொன்னான் என்று பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சினைப் போட்டார்கள். என் கணவர்தான் நாலு நாள் அங்கேயே கிடந்து வேலையைப் பார்த்துக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்திலும் டீசல் என்று எழுதி வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது இன்ஷூரன்ஸ்.

1975-ல் பாலிசியைப் புதுப்பிக்க வந்த ஏஜெண்ட் வீரராகவன் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்: "வண்டியில எதெதை மாத்தினேளோ அத்தனையும் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துடுங்கோ. ஒண்ணு விட்டாலும் நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சுடும். அப்புறம் என்னைச் சொல்லப்படாது."

நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

4

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது சபையில் ஒருவர் பட்டியலை உரக்கப் படிப்பார். அண்டா ஒன்று, குத்துவிளக்கு ஒரு ஜோடி என்று. லட்சுமியக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்டதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். காரில் என்னென்ன சீர் இருக்கிறது என்று கம்பெனிக்காரன் ஆசையாகக் கேட்கிறான்! வெற்றிலை போட்டுக்கொண்டு, பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.

"எழுதிக்கோ சுந்தரி. சீட்டுக்கு மெரூன் ரெக்ஸின் உறை. சாதா இல்ல, பூப்போட்டது. அந்தப் பூவையும் எழுது. ஜன்னலுக்குத் திரை, அது பச்சை. மேல கேரியரு. ஹாரன் ரெண்டு."

"ரெண்டா?"

"ஒண்ணு மாட்டுக்கு, ஒண்ணு மனுசங்களுக்கு. அப்பால உள்ள ஒரு குட்டி ஃபேனு. திருத்தணி முருகன் படம், சுத்தி சீரியல் லைட்டு. அத்த மறந்துடாத, அதுதான் வண்டியையே காப்பாத்துது. சக்கரத்துக்கு நாலு மூடி, கண்ணாடி மாதிரி மின்னுமே அது. முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு. இன்னா, எவ்ளோ ஆச்சு?"

"எட்டு, அக்கா."

"பின்னால சீட்டாண்ட கூஜா வெக்க ஒரு வளையம் அடிச்சோமே! ஒம்போது. போடு."

ஒவ்வொன்றுக்கும் என் வயிறு ஒரு தரம் எரிந்தது. கூஜா வளையத்துக்குத்தான் ரொம்ப எரிந்தது. எனக்குக் கல்யாணச் சீராக வந்தது ஒரு தகரப் பெட்டியும் டைப்ரைட்டிங் லோயர் சர்டிபிகேட்டும்.*

எஞ்சினை அவள் சொல்லவில்லை. எஞ்சின் அவளுக்கு அலங்காரத்தில் சேர்த்தி இல்லை. மூத்தார் தம்பியிடம் சொன்னார்: "எஞ்சின் சங்கதி உனக்குத்தான்டா தெரியும். நீயே உன் ஊட்டுல சொல்லிடு." மறுநாள் காலை என் கணவர் எஞ்சின் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்தார். "இத்த பத்தாவதா போட்டுடு. இதான் முக்கியம்" என்றார்.

* உண்மையில் ஒரு பித்தளைக் குடமும் வந்தது. இரக்கம் சம்பாதிப்பதற்காக விட்டிருந்தேன். விடுகிற பழக்கம் போகவில்லை.

5

இந்த இடத்தில் வாசகர் என்னைக் கேட்பார்: ஏன் விட்டாய்? காரணம் வேண்டுமே. போன வாரம் எழுதிய பிரதியில் ஒரு காரணம் வைத்திருந்தேன். அதை அப்படியே தருகிறேன்.

"அப்போது தெருவில் போன எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்து, 'காரை யாரு ஓட்றது?' என்று கேட்டாள். லட்சுமியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். 'அதுவா? எங்க டிரைவரு ஓட்றாரு.' குணசுந்தரியின் கை நின்றது. தன் கணவனை, சொந்தக் கொழுந்தனை, டிரைவர் என்று—"

நன்றாக இருக்கிறதல்லவா? படித்துவிட்டு எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. குணசுந்தரி பக்கம் நியாயம் வந்துவிட்டது. இப்படி ஒரு வார்த்தை கேட்டால் யார்தான் அந்த வரியை விடமாட்டார்கள்?

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை.

சின்னப்பொண்ணு வந்தது நிஜம். கேட்டது வேறு. "இன்னாக்கா, காலங்காத்தால ரெண்டு பேரும் கணக்குப் பாக்கறீங்களா?" என்றாள். அதற்கு லட்சுமியக்கா சொன்னது இது: "எங்க சுந்தரி இங்கிலீஷ்ல கம்பெனிக்கு எழுதுறாடி. இவ கை பட்டா கம்பெனிக்காரன் எழுந்து நிப்பான். எங்க ஊட்டுல இப்படி ஒருத்தி கீறான்னு எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா!" சொல்லிவிட்டு, தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம திருத்தணி போறோம். நீ முன்சீட்டுல உக்காந்துக்கோ. பின்னால உக்காந்தா உனக்கு வாந்தி வரும்" என்றாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். காரும் அவளுடையது, முன்சீட்டைக் கொடுக்கிற மனசும் அவளுடையது. எனக்கு என்ன மிச்சம் வைத்தாள்? வாந்தியைத் தவிர?

மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். அதற்கும் வழியில்லை. இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து, ஒன்பதையும் அடித்து, பத்து என்ற எண்ணையும் அடித்தேன். தாளை உருவிக் கசக்கிப் போட்டேன். இன்னொரு தாள் செருகி, ஒன்பதோடு முடித்து, 'மேற்கண்டவை தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை' என்று இங்கிலீஷில் அழகாக ஒரு வரி சேர்த்தேன். கைதவறு என்றால் ஒரு தாளோடு போயிருக்கும். நான் இரண்டு தாள் செலவழித்தேன்.

பெரிதாக எதையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. சத்தியமாக. கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ் வரட்டும், மூத்தார் ரெண்டு நடை நடக்கட்டும், லட்சுமியக்கா முகம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் சுருங்கட்டும் என்று நினைத்தேன். மூத்தார் வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். "சுந்தரி அடிச்சா கண்ணை மூடிக்கினு போடலாம்" என்றார்.

6

மழை இப்போது வருகிறது. அதே வருஷம், ஐப்பசி. கும்மிடிப்பூண்டியில் மூத்தாரை இறக்கிவிட்டு, என் கணவர் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். பெரியபாளையம் தாண்டி ஒரு எருமை* குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் பள்ளத்தில் இறங்கிப் பனைமரத்தில் மோதியது. முன்பக்கம் அப்பளம். அவருக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது எனக்குக் காரும் தெரியவில்லை, கடிதமும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

காரைக் கட்டி இழுத்து வந்து வாசலில் போட்டார்கள். சேதத்தைப் பார்க்க மெட்ராசிலிருந்து தானியேல் என்று ஒரு சர்வேயர் வந்தார். கையில் ஃபைல். நசுங்கிய பானெட்டைக் கடப்பாரை போட்டு நெம்பச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

"இது டீசல் எஞ்சினாச்சே? பாலிசியில பெட்ரோல்னு இருக்கு."

"அதெல்லாம் எழுதிக் குடுத்துட்டோம் சார்" என்றார் மூத்தார். "எங்க தம்பி சம்சாரம்தான் இங்கிலீஷ்ல அடிச்சுது."

தானியேல் கடிதத்தை எடுத்து, வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ரெக்ஸின் உறை, பூப்போட்டது. பச்சைத் திரை. கேரியர். தெருவே கூடிக் கேட்டது. கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கூஜா வளையத்தை எழுதினவங்க எஞ்சினை எழுதாம விட்டீங்களா? வேற மாற்றம் எதுவும் இல்லைன்னு வேற எழுதியிருக்கு. இதுக்கு கம்பெனி ஒத்துக்காதுங்க."

மூத்தார் தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, எஞ்சின் சங்கதியை நீ சொல்லலியா?"

என் கணவர் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தரம். துண்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்த மனுஷர். 'இதான் முக்கியம்' என்று சொன்ன மனுஷர்.

"மறந்துட்டேன் அண்ணா" என்றார். "என் தப்புதான். சுந்தரி இன்னா பண்ணும், சொன்னாத்தான அடிக்கும்?"

நான் வாயைத் திறந்தேனா? இல்லை.

மூத்தார் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, தெருவைப் பார்த்துச் சொன்னார்: "நாலு நாளு பக்கத்துலயே நின்னு எஞ்சினைப் போட்டவன் எப்படி மறப்பான்? இவனுக்கு வயித்தெரிச்சல். கூடப் பொறந்தவனே பொறாமையில கவுத்துட்டான். இனிமே எனக்குத் தம்பி இல்ல."

ஊரே அதைச் சொன்னது. இன்றும் சொல்கிறது: அண்ணன் வாழ்வு பொறுக்காத தணிகாசலம். பொறாமை என்பதே என்னவென்று தெரியாத ஒரு ஆள்மேல் என் பொறாமையைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அவரும் மூன்று வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திருநின்றவூரில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போய் வருகிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

* எருமை இல்லை, பசு என்கிறார் என் கணவர்.

7

ஆமாம், அவர் படித்துவிட்டார். மேலே உள்ள குறிப்பைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். இதுவரை எழுதியதை நேற்றுக் காலை அவர் முன்னால் வைத்துவிட்டு நாஷ்டா எடுக்கப் போனேன். அரைமணி நேரம் படித்தார். இட்லி ஆறிப்போனது. "எருமைன்னு போட்டுருக்கியே. அது பசு" என்றார். கதையில் பெயரை மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. "வாரப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, "நீ எழுதினது. நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

முடிவு மட்டும் பாக்கி. சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன்.

(அ) கல்யாண மண்டபம். மேளம் நிற்கிறது. குணசுந்தரி ஓடிவந்து மூத்தார் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறாள். சபை உறைகிறது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொள்கிறான்— [ஓகோ. அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்திலும் எல்லோரும் என்னையே பார்க்க வேண்டுமா? பொறாமைக்காரியின் முடிவு இது. கல்யாணப் பெண்ணையே ஓரம் கட்டிவிடுவாள்.]

(ஆ) தானியேலின் ஃபைலில் உண்மையைக் காட்டும் ஏதோ ஒரு தாள் கிடைக்கிறது. எல்லாம் தானாக வெளிச்சத்துக்கு வருகிறது— [எந்தத் தாளும் இல்லை. துண்டுக் காகிதத்தை நான் கிழித்துப் போட்டுவிட்டேன். நானாகச் சொன்னால்தான் உண்டு.]

(இ) காலம் எல்லாவற்றையும் ஆற்று— [வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. எதையும் ஆற்றவில்லை.]

நேரே போய்ச் சொல்லிவிடேன், பக்கத்து வீடுதானே, கதை எதற்கு என்று கேட்பீர்கள். நாலு தரம் போனேன். நாலு தரமும் அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தவுடனே, "வா சுந்தரி, பாவம் உனக்குத்தான் பேஜாரு. அவன் பண்ணதுக்கு நீ இன்னா செய்வே?" என்றாள். ஊர் முழுக்க எங்களை ஒதுக்கிய பிறகும் என்னிடம் மட்டும் அவளுக்கு இரக்கம். அந்த இரக்கத்தின் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. வந்தது வயிற்றெரிச்சல்தான்.

8

வாசகர்களே, நீங்கள் இதுவரை கேட்டதற்கு நன்றி. இனி உங்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. இந்த முடிவை ஒரே ஒரு வாசகியிடம்தான் ஒப்படைக்க முடியும். அவளுக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் வரும். வாராவாரம் இந்தப் பத்திரிகையை வாங்கி, எழுத்துக்கூட்டி, உரக்கத்தான் படிப்பாள்.

அக்கா, நான்தான்.

நீ படிக்கிறது செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். எப்பவும் கேக்கும். போன வாரம் நீ படிச்ச தொடர்கதையில ஒரு மாமியார் செத்தப்ப நீ அழுததும் கேட்டுச்சு. இதைப் படிக்கறப்ப, பாதியிலேயே உன் குரலு நின்னுடும்னு தெரியும். ரெண்டு தாளு செலவழிச்சேன்னு எழுதினேனே, அங்கதான் நிக்கும். அப்பால மனசுக்குள்ள படிச்சுக்கினு இங்க வந்திருப்ப.

ஊட்டுல மாமாகிட்ட படிச்சுக் காட்டு. அவரு கத்தட்டும். இந்த தடவ கத்தினா என்னைப் பாத்துக் கத்தச் சொல்லு. கல்யாணப் பத்திரிகையில பேரு போடாதது போகட்டும், அச்சடிச்சது அச்சடிச்சதுதான். ஆனா எங்க ஊட்டுக்காரரைக் கூப்புடு அக்கா. மாமாவே வந்து வாசல்ல நின்னு, "வாடா"ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்தப் பொண்ணை மடியில வெச்சு வளத்தவரு. என்னைக் கூப்புட வேணாம். நான் வரலேன்னா கல்யாணம் ஒண்ணும் நின்னுடாது.

இதுக்கு மேல இந்தக் கதையில இன்னா நடக்கணும்னு நீதான் சொல்லணும். கதவைத் தட்டு, தட்டாம இரு, தெருவுல நின்னு என்னைத் திட்டு. எது செஞ்சாலும் அதுதான் முடிவு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். 'போனாப் போவுது, மன்னிச்சுட்டேன்டி'ன்னு மட்டும் வந்து சொல்லிடாத. அந்த மனசும் உனக்குத்தான் இருக்குதான்னு, எனக்கு இன்னொரு தடவ வயிறு எரியும்.